ஒன்பதாம் கோப்பை

என் பெயர் உல்போசின்.
ஆணாகட்டும் என்று பொருள்.
அடுத்ததாவது ஆணாகட்டும் என்று
பிறந்துவிட்ட பெண்ணுக்கு இடுகிற பெயர்.
எனக்குப் பின் மூன்று தங்கைகள்.
ஆகவே
கருதுகோள் என்றால் என்னவென்று
வகுப்பில் யாரும் எனக்கு
விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோரேதாம், மார்ச் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, இரண்டு ஒட்டகம்,
அதற்கும் அப்பால் ராக்கெட் ஏவுகிற இடம்.
வேதியியல் வாத்தியார் அல்மாட்டிக்கு மாற்றலாகிப் போனார்.
ஆய்வறைச் சாவி எங்களிடமே தங்கிவிட்டது.

கேள்வியை மக்பால் எழுதினாள்:
செவ்வாயில் குடியேறுகிறவர்கள்
அந்த மண்ணிலேயே முள்ளங்கி விளைவிக்க முடியுமா?
மண்ணெடுக்க எந்த பஸ் போகும் என்றான் எர்சாயின்.
பிறகு அவனுடைய மாமாதான்
ஆரல் கடல் இருந்த இடத்திலிருந்து
லாரியில் ஒரு சாக்கு அள்ளிவந்தார்.
நாக்கில் வைத்தால் கரித்தது.
அந்த உப்பு வேறு, இந்த உப்பு வேறு.
அதையும் எழுதிக்கொண்டோம்,
குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ்.

பன்னிரண்டு தயிர்க் கோப்பைகள், அடியில் ஆணித்துளை.
எட்டில் மும்முறை கழுவிய மண்.
நான்கில் கழுவாதது, ஒப்பிட.
ஒரே ஜன்னல், ஒரே விதைப் பொட்டலம்,
நாளுக்கு இருபது மில்லி, ஊசிக்குழாயால்.

ஒப்பிட என்றால்
சாகட்டும் என்று வைப்பது
என்றுதான் எனக்குப் பட்டது.
எட்டும் பச்சை கட்டின.
நான்கும் வாய் திறக்கவில்லை.
அதில் ஒன்பதாவது, என் இருக்கையோரம்.
எல்லோரும் போன பிறகு
குடிக்கிற தண்ணீர்ப் புட்டியைக் கொஞ்சம் சாய்த்தேன்.
மறுநாளும்.

பதினோராம் நாள்
ஒன்பதில் ஒரு முளை,
விதைத்தோலைத் தொப்பிபோல் தலையில் வைத்துக்கொண்டு.
வகுப்பே குதித்தது.
மக்பால் குதிக்கவில்லை.
கோப்பையைத் தூக்கித் தட்டைப் பார்த்தாள்:
துளைவழி இறங்கிக் காய்ந்த உப்பு,
வெள்ளையாய் ஒரு வளையம்.
தராசில் வைத்தாள்.
மற்ற மூன்றைவிட முப்பத்தெட்டு கிராம் கூடுதல்.
முளை இவ்வளவு கனக்காது என்றாள்,
யாரையும் பார்க்காமல்.

நான்தான் என்றேன்.

எர்சாயின் பேனாவைத் திறந்தான்.
எவ்வளவு ஊற்றினாய்?
தெரியாது.
எத்தனை நாள்?
நாலு. இல்லை, ஐந்து.
அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.
ஊற்றியதற்கல்ல,
அளக்காமல் ஊற்றியதற்கு.

ஒன்பதாம் கோப்பை கணக்கில் சேராது
என்று நோட்டில் ஏறியது.
அது தெரியாமல்
முளை இரண்டு இலை விரித்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
அங்கே நான் இருந்து
கணக்கில் எழுதாமல் சாய்த்திருந்தால்
அது யாருடைய மிடறாக இருந்திருக்கும்?
தங்கையின் கால் என்மேல் கிடந்தது.
நகர்த்தவில்லை.

அடுத்த வாரம் புதிதாய்ப் பன்னிரண்டு.
நான்கு கழுவியது, நான்கு கழுவாதது,
இன்னும் நான்கு.
நோட்டில் மக்பால் புதிதாய் ஒரு கட்டம் போட்டிருந்தாள்:
உல்போசின் தண்ணீர்,
நாளுக்கு முப்பத்தைந்து மில்லி, கூடுதலாக.
கழுவாத மண்ணிலிருந்து உப்பை இறக்க
எவ்வளவு வேண்டும் என்பது
நாம் கேட்காமல் விட்ட கேள்வி என்றாள்.
ஊசிக்குழாயை என் கையில் வைத்தாள்.

நேற்று ராத்திரி ராக்கெட் போனது.
காலையில் பார்த்தால்
ஏழாம் கோப்பை இரண்டு விரல் நகர்ந்திருந்தது.
எழுதினோம்.

இன்று ஆறாம் நாள்.
என் கட்டத்தில் நான்கு கோப்பை.
மண்ணில் முகம் வைக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.
இல்லை என்று எழுதினேன்.
ஒரே கோடாக இழுத்துவிடாமல்
நான்கு தடவை,
ஒவ்வொன்றுக்கும் தனியாக.